சிப்பியைக் கொல்வது எது? ஒட்டுண்ணி நோய்களும் மூலக்கூறுச் சோதனையும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சிப்பி வளர்ப்பாளர்கள் 1940களில் எண்ணெய் நிறுவனங்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். மெக்சிகோ வளைகுடாவின் கரையோரச் சதுப்புகளில் எண்ணெய்க் கிணறுகள் பெருகிய அதே ஆண்டுகளில், ஒவ்வொரு கோடையிலும் சிப்பிப் படுகைகள் கூட்டம் கூட்டமாகச் செத்து வாய் பிளந்து கிடந்தன. கிணற்றுக் கழிவுதான் காரணம் என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை. வழக்கைச் சந்திக்க நிறுவனங்கள் பணம் கொடுத்தன. டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆராய்ச்சி அறக்கட்டளை ஆய்வாளர்களைத் திரட்டியது. 1950இல் மேக்கின், ஓவன், காலியர் ஆகிய மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு புதிய உயிரியை விவரித்தார்கள். சிப்பியின் திசுக்களுக்குள் பெருகி அதைக் கொல்லும் ஒட்டுண்ணி அது. பூஞ்சை என்று கருதி டெர்மோசிஸ்டிடியம் மரினம் என்று பெயரிட்டார்கள். பூஞ்சை அல்ல என்று பின்னால் தெரிந்து, 1978இல் பெர்கின்சஸ் மரினஸ் என்று மாற்றப்பட்டது. சிப்பிக்காரர்களுக்கு மட்டும் அந்த நோய் இன்றுவரை ‘டெர்மோ’தான்.

சிப்பி எதனால் செத்தாலும் சாகும் விதம் ஒன்றுதான். இரண்டு ஓடுகளையும் இறுக்கிப் பிடித்திருக்கும் தசை தளர்கிறது, வாய் பிளக்கிறது, நண்டும் மீனும் சதையைத் தின்று தீர்க்கின்றன. சில நாள் கழித்துப் படகில் வருகிறவர் கையில் கிடைப்பது வெற்று ஓடு. வெயிலா, ஆற்று வெள்ளமா, எண்ணெயா, ஒட்டுண்ணியா என்று அந்த ஓட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும் சிப்பியைத் திறந்து, உள்ளே இருப்பது இன்னது என்று பெயர் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்தால்தான் எந்தப் படுகையை மூடுவது, எந்தக் குஞ்சை எங்கே கொண்டுபோகலாம் என்று முடிவெடுக்க முடியும். அப்படிப் பெயர் சொல்லும் கலை கடந்த முப்பது ஆண்டுகளில் எவ்வளவு மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

இங்கே பேசப்படும் ஒட்டுண்ணிகள் மனிதரைத் தாக்குவதில்லை. நோயுற்ற சிப்பியைத் தின்றவருக்கு இவற்றால் எந்தத் தீங்கும் வராது. அதனால்தானோ என்னவோ, இவற்றைப் பற்றிய செய்தி கடற்கரையைத் தாண்டி உள்ளே வருவதில்லை. ஆனால் இழப்பு பெரிது. செசபீக் விரிகுடாவில், மேரிலாந்து மாநிலம் மட்டும் 1880களில் ஒரே பருவத்தில் ஏறத்தாழ 1.5 கோடி புஷல் சிப்பி அள்ளியது. 2003-04 பருவத்தில் அங்கே கிடைத்தது சுமார் 26,000 புஷல். அளவுமீறி வாரியதும், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் இந்தச் சரிவின் பெரும் பகுதிக்குக் காரணம். எஞ்சியிருந்ததை டெர்மோவும், எம்.எஸ்.எக்ஸ். எனப்படும் இன்னொரு நோயும் தின்றன.

டெர்மோவைக் கண்டுபிடிக்கும் முதல் எளிய வழியை 1952இல் சம்மி ரே வகுத்தார். சிப்பியின் மலக்குடல், மேலுறை ஆகிய இடங்களிலிருந்து சிறு துண்டு வெட்டி, தயோகிளைகொலேட் என்ற திரவ ஊட்டத்தில், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து சேர்த்துப் போடுவார்கள். இருட்டில் ஐந்து முதல் ஏழு நாள் வைப்பார்கள். அதற்குள் ஒட்டுண்ணிச் செல்கள் பல மடங்கு பருத்துவிடும். பிறகு துண்டை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்துக் குத்திக் கலைத்து, லூகால் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட வேண்டும். சிப்பியின் திசு வெளிர் மஞ்சளாக நிற்க, ஒட்டுண்ணிகள் கருநீல உருண்டைகளாகத் தெரியும். அவை எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். மலிவான முறை, விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். எழுபது ஆண்டுகள் கழிந்தும் உலகம் முழுக்கச் சிப்பி ஆய்வகங்களில் இது நடக்கிறது, நடக்கவும் வேண்டும்.

இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கருநீல உருண்டை பெர்கின்சஸ் பேரினத்தைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லும். எந்தப் பெர்கின்சஸ் என்று சொல்லாது. அமெரிக்கச் சிப்பியைக் கொல்லும் மரினஸ், ஆஸ்திரேலியக் கடல் நத்தையில் முதலில் காணப்பட்ட ஓல்செனி, செசபீக்கின் மட்டிகளில் வாழும் செசபீக்கி, சீனக் கரையில் கண்டறியப்பட்ட பெய்ஹாயென்சிஸ் என எல்லாமே அயோடினில் ஒரே நிறம்தான். மற்ற ஒட்டுண்ணிகளுக்கோ இந்த முறை உதவவே உதவாது.

அந்த மற்றவற்றில் முதன்மையானது எம்.எஸ்.எக்ஸ். 1957இல் டெலவேர் விரிகுடாவில் தோன்றியது. இரண்டே ஆண்டுகளில் விரிகுடாவின் கீழ்ப்பகுதிச் சிப்பிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மடிந்தன. 1959இல் செசபீக்குக்கு வந்து சேர்ந்தது. திசுவை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவலாக அரிந்து, சாயமேற்றிப் பார்த்தபோது பல உட்கருக்கள் கொண்ட ஓர் உருண்டை தெரிந்தது. இன்னது என்று யாருக்கும் தெரியாததால் ‘பல உட்கரு உருண்டை, அறியப்படாதது’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே பெயராயின. ஹாப்லோஸ்போரிடியம் நெல்சோனி என்ற முறையான பெயர் பின்னால் வந்தது. இதற்கு நெருங்கிய உறவான ஹாப்லோஸ்போரிடியம் காஸ்டேல் அதே கரையில், அதே சிப்பியில் வாழ்கிறது. வித்து உருவாகாத பருவத்தில் இரண்டையும் நுண்ணோக்கியில் பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கும் கடினம்.

பி.சி.ஆர். வந்து சேர்ந்தது இந்த இடத்தில்தான். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுக்கொண்ட எல்லோருக்கும் அந்தப் பெயர் பழக்கம். கேரி மல்லிஸ் 1983இல் இதைச் சிந்தித்தார், 1993இல் நோபல் பரிசு பெற்றார். சிப்பித் திசுவின் துணுக்கிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். அதில் பெரும்பகுதி சிப்பியினுடையது. ஒட்டுண்ணி இருந்தால் அதனுடையதும் சிறிது இருக்கும். அந்த ஒட்டுண்ணியின் மரபுத்தொடரில் மட்டும் ஒட்டக்கூடிய இரண்டு சிறு டி.என்.ஏ. துண்டுகளை, அதாவது ப்ரைமர்களை, சேர்க்கிறார்கள். 95 டிகிரியில் இழைகள் பிரிகின்றன. சுமார் 55 டிகிரிக்கு ஆறும்போது ப்ரைமர்கள் தம் இடத்தில் ஒட்டுகின்றன. 72 டிகிரியில் நொதி புதிய இழையைக் கட்டுகிறது. இவ்வளவு சூட்டைத் தாங்கும் நொதி, யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றில் முதலில் கண்டெடுக்கப்பட்ட ஒரு நுண்ணுயிரிடமிருந்து வந்தது. ஒரு சுற்றுக்கு இரு மடங்கு என்றால் முப்பது சுற்றில் ஒரு பிரதி 107 கோடி ஆகிறது. ரைபோசோம் சார்ந்த மரபணுக்கள் ஒரே செல்லில் பல பிரதிகளாக இருப்பதால், சிப்பி ஆய்வாளர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியையே குறிவைக்கிறார்கள். 1995இல் டெர்மோவுக்கும் எம்.எஸ்.எக்ஸுக்கும் இத்தகைய சோதனைகள் வெளியாயின.

அதன் முதல் பெரிய பலன் ஒரு பழைய வழக்கைத் தீர்த்தது. எம்.எஸ்.எக்ஸ். 1957இல் எங்கிருந்து வந்தது? பசிபிக் சிப்பிதான் கொண்டுவந்தது என்ற ஐயம் பல ஆண்டுகளாக இருந்தது. 2000இல் யூஜின் பரசன், நான்சி ஸ்டோக்ஸ், கரோலின் ஃப்ரீட்மன் மூவரும் கலிபோர்னியா, கொரியா, ஜப்பான் ஆகிய இடங்களின் பசிபிக் சிப்பிகளில் அரிதாகத் தென்பட்ட ஒட்டுண்ணியின் மரபுத்தொடரை எடுத்து, அமெரிக்கக் கிழக்குக் கரையைச் சூறையாடியதன் தொடரோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றே. பசிபிக் சிப்பியில் பெரிய சேதம் செய்யாமல் ஒதுங்கி இருந்த ஒன்று, அதைத் தாங்கிப் பழகாத கிழக்குக் கரைச் சிப்பிக்குள் நுழைந்ததும் கொள்ளைநோயாயிற்று. உயிருள்ள சிப்பியை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு மாற்றும் எவரும் முதலில் படிக்க வேண்டியது இந்த வரலாற்றைத்தான்.

பெயரில் ஒரு சொல் மாறினாலும் முடிவு எப்படி மாறும் என்பதற்கு நியூசிலாந்து சான்று. அங்கே தென்கோடியில் ஃபோவோ நீரிணையில் கிடைக்கும் பிளஃப் சிப்பி அந்நாட்டின் பெருமை. போனாமியா எக்சிட்டியோசா என்ற ஒட்டுண்ணி 1980களின் நடுவிலும் 2000ஐ ஒட்டியும் அந்தப் படுகைகளை அழித்தது. ஆனாலும் படுகைகள் மீண்டன. அதன் உறவான போனாமியா ஆஸ்திரியே ஐரோப்பாவின் தட்டைச் சிப்பியைச் சீரழித்தது. 1979இல் பிரான்சின் பிரிட்டனியில் கண்டறியப்பட்ட அது, தென் அரைக்கோளத்தில் இல்லை என்றே நம்பப்பட்டது. இரண்டும் சிப்பியின் இரத்தச் செல்லுக்குள் உட்கார்ந்திருக்கும், சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள புள்ளிகள். நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் ‘போனாமியா இருக்கிறது’ என்று எழுதினால், நியூசிலாந்தில் அது பழைய செய்தி. மரபணுச் சோதனை செய்தபோதுதான் தெற்குத் தீவின் வடமுனையிலிருந்து வந்த மாதிரிகளில் ஆஸ்திரியே இருப்பது தெரிந்து, 2015 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. சில சிப்பிகளில் இரண்டுமே இருந்தன. 2017இல் ஸ்டூவர்ட் தீவின் பிக் குளோரி விரிகுடாப் பண்ணையிலும் அது தெரிந்ததும், ஸ்டூவர்ட் தீவிலும் வடமுனை மார்ல்பரோ பகுதியிலும் உள்ள பண்ணைகளின் தட்டைச் சிப்பிகள் முழுவதையும் எடுத்துவிட அரசு உத்தரவிட்டது. நீரிணையின் இயற்கைப் படுகையைக் காப்பாற்றப் பண்ணைக்காரர்கள் தங்கள் முதலீட்டை இழந்தார்கள். 2021இல் நீரிணையிலும் அந்த ஒட்டுண்ணி தென்பட்டது. முடிவு சரியா தவறா என்று அங்கே இன்னும் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு போனாமியாவையும் பிரித்துச் சொல்லும் சோதனை இல்லாமல் அந்த முடிவை எடுக்கவே முடிந்திருக்காது.

மூலக்கூறுச் சோதனையின் அழகு முழுதாக வெளிப்பட்ட இடம் பிரான்சின் அட்லாண்டிக் கரை. 1968இல் பிரிட்டனியின் ஆபேர் ரக்கில் தொடங்கிய மார்ட்டீலியா நோய் அங்கே தட்டைச் சிப்பி வளர்ப்பை முடக்கியது. நோயுள்ள சிப்பியையும் நல்ல சிப்பியையும் ஒரே தொட்டியில் எத்தனை நாள் வைத்தாலும் நோய் ஒட்டவில்லை. ஆகவே இடையில் வேறோர் உயிரி இருந்தாக வேண்டும். ஆனால் கடலில் எதைத் தேடுவது? கொரின் ஒதெமாரும் உடன் ஆய்வாளர்களும் திறந்த கடலை விட்டுவிட்டு ‘கிளேர்’ எனப்படும் ஆழமற்ற களிமண் குளங்களுக்குப் போனார்கள். சிப்பியை விற்பதற்கு முன் கொழுக்கவிடும் குளங்கள் அவை; கடலோடு ஒப்பிட்டால் அங்கே வாழும் உயிரினங்கள் மிகக் குறைவு. நோய் பரவும் குளம் ஒன்றில் சிப்பியோடு வாழ்ந்த பிற உயிரினங்களை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மார்ட்டீலியாவின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

பாராகார்ட்டியா கிரானி என்ற துடுப்புக்காலி அகப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்தும் சிற்றுயிர். இந்த இடத்தில் அவர்கள் நிறுத்தியிருந்தால் ஆய்வு பாதியில் நின்றிருக்கும். நீரில் மிதக்கும் எந்த உயிரின் வயிற்றிலும் எதன் டி.என்.ஏ.வும் இருக்கலாம்; தின்று கழிப்பதும் நோயைச் சுமப்பதும் வேறு. எனவே துடுப்புக்காலியைச் சீவி, ஒட்டுண்ணியின் மரபுத்தொடரில் மட்டும் ஒட்டி நிறம் காட்டும் டி.என்.ஏ. துண்டை அதன்மேல் பாய்ச்சினார்கள். நிறம் தெரிந்தது குடலில் அல்ல, பெண் துடுப்புக்காலியின் சூலகத்தில். ஒட்டுண்ணி அங்கே குடியிருந்தது என்று உறுதியாயிற்று. நோயுள்ள சிப்பியிலிருந்து துடுப்புக்காலிக்கு அது பரவுவதைத் தொட்டியில் காட்டவும் முடிந்தது. துடுப்புக்காலியிலிருந்து மீண்டும் சிப்பிக்கு வருவதை மட்டும் காட்ட முடியவில்லை. அதையும் ஒளிக்காமல் 2002இல் வெளியிட்டார்கள். சிட்னி பாறைச் சிப்பியைக் கொல்லும் மார்ட்டீலியா சிட்னியீ, நெஃப்டிஸ் என்ற கடற்புழுவின் வழியே போவதும் பின்னால் தெரியவந்தது. எம்.எஸ்.எக்ஸ். எவ்வழியே சிப்பிக்குள் போகிறது என்பது மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பிடிபடவில்லை.

பி.சி.ஆர். ‘இருக்கிறது’ என்று சொன்னால் என்ன பொருள்? கொடுத்த துணுக்கில் அந்த மரபுத்தொடர் இருந்தது என்று மட்டுமே பொருள். சிப்பி நாள் முழுக்கக் கடல்நீரை வடிகட்டிக்கொண்டிருக்கும் விலங்கு. அதன் செவுளிலும் குடலிலும் வந்துபோகும் ஒட்டுண்ணிச் செல்லும், செத்த செல்லின் மிச்சமும் சோதனையில் தெரியும். நோய் பிடித்திருக்கிறதா, திசு அழிகிறதா, சிப்பி பிழைக்குமா என்று அது சொல்லாது. எண்ணளவு காட்டும் நவீன பி.சி.ஆர். எத்தனையாவது சுற்றில் ஒளிர்ந்தது என்று தெரிவிக்கும்; சுமார் 3.3 சுற்று முந்தினால் பத்து மடங்கு அதிகம். அதுவும் டி.என்.ஏ.வின் அளவு, நோயின் கடுமை அல்ல. மறுபக்கம், ‘இல்லை’ என்பதும் ஏமாற்றலாம். சிப்பியின் சளியிலும் திசுவிலும் உள்ள சர்க்கரைக் கூட்டுப்பொருள்கள் நொதியின் வேலையைத் தடுத்துவிடும். அதே குழாயில் சிப்பியின் சொந்த மரபணு பெருகுகிறதா என்று பார்க்காத சோதனையின் ‘இல்லை’யை ஏற்கக் கூடாது.

அதிலும், சோதித்த துண்டு மிகச் சிறியது. பொறுக்கிய ஒரு மில்லிகிராம் திசுவில் ஒட்டுண்ணி இல்லாமல் போகலாம், அடுத்த மில்லிகிராமில் இருக்கலாம். சிப்பியின் உடல் முழுவதையும் ரே முறையில் ஊறவைத்தால், அந்தப் பழைய சோதனை பி.சி.ஆருக்கு ஈடுகொடுக்கும் நுண்மை கொண்டது. எத்தனை சிப்பி எடுப்பது என்பதும் சோதனையளவுக்கு முக்கியம். ஒரு படுகையில் நூற்றுக்கு இரண்டில் நோய் இருந்தால் அதை 95 விழுக்காடு உறுதியோடு பிடிக்க 150 சிப்பி வேண்டும். முப்பது சிப்பியைச் சோதித்து ‘நோயற்றது’ என்று முத்திரை குத்துவது வளர்ப்பாளருக்குச் செய்யும் துரோகம்.

மூலக்கூறு காணாததைக் கண்ணாடிச் சில்லு கண்ட கதையும் உண்டு. செசபீக்கில் டெர்மோ 1980களின் நடுவில் திடீரென்று மூர்க்கமானது. வறட்சியால் நீரின் உப்பு கூடியதே காரணம் என்று நெடுநாள் கருதினார்கள். வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனத்தின் ரையன் கார்னகியும் உடன் ஆய்வாளர்களும் 1960களிலிருந்து சேர்த்துவைத்த திசுச் சீவல்களை மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஆண்டுகளில் ஒட்டுண்ணியே மாறியிருந்தது. செல்கள் சிறுத்திருந்தன, இணைப்புத் திசுவில் பரவிக் கிடந்தது செரிமானப் பாதையின் புறத்திசுவுக்கு இடம் மாறியிருந்தது. பெயர் பழையது, நடத்தை புதிது. பெயரை மட்டும் கேட்கும் சோதனைக்கு இரண்டும் ஒரே ‘இருக்கிறது’தான். சீவல்களைத் தூக்கிப் போடாமல் அரை நூற்றாண்டு பாதுகாத்தவர்களுக்குச் சிப்பி உலகம் கடன்பட்டிருக்கிறது.

நம் கரைக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. 1973இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில், கே. அழகர்சாமி தலைமையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. உணவுச் சிப்பி வளர்ப்பு முறையும் தூத்துக்குடியில்தான் உருப்பெற்றது. அதே நிறுவனத்தின் விஞ்ஞானிகள், இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் இயற்கையாகக் கிடைத்த முத்துச்சிப்பிகளிலும் பண்ணை முத்துச்சிப்பிகளிலும் பெர்கின்சஸ் ஓல்செனி இருப்பதை 2010இல் தெரிவித்தார்கள். ஓரிரு ஆண்டில், உணவுச் சிப்பியான கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸில் பெய்ஹாயென்சிஸ் இருப்பதும் வெளியானது. வழி இரண்டிலும் ஒன்றுதான்: முதலில் ரேயின் கருநீல உருண்டைகள், அடுத்து திசுச் சீவல், அதன் பின் பி.சி.ஆர்., கடைசியில் மரபுத்தொடரைப் படித்துப் பெயர். ரேயின் முறையோடு நின்றிருந்தால் நம் கரையில் இரண்டு வகை இருப்பதே தெரிந்திருக்காது. ஓல்செனி, விலங்கு நலத்துக்கான உலக அமைப்பின் அறிவிக்கை கட்டாயமான நோய்ப் பட்டியலில் உள்ளது. பெய்ஹாயென்சிஸ் அதில் இல்லை. ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு இந்த வேறுபாடு ஏட்டளவில் முடிவதல்ல.

தாமதத்தின் விலையைக் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறது. 1915இல் அங்கே மால்பெக் விரிகுடாவில் சிப்பிகளை அழித்த நோயின் காரணி இன்னும் பெயரில்லாமல் கிடக்கிறது. அன்று சோதனை இல்லை. 2024 ஜூலையில் அதே தீவின் பெடெக் விரிகுடாவில் எம்.எஸ்.எக்ஸ். உறுதியானது. இம்முறை பெயர் உடனே தெரிந்தது, எல்லைகள் வகுத்து நகர்வுக் கட்டுப்பாடும் போட்டார்கள். ஆனாலும் அதற்கு முன் தீவுக்குள் கைமாறிய சிப்பிகளைத் திரும்பப் பெற முடியாது.

எனவே சோதனை நடக்க வேண்டிய இடம் சாவு விழுந்த படுகை அல்ல, குஞ்சு ஏற்றும் வண்டி கிளம்பும் இடம். ஒரு கழிமுகத்திலிருந்து இன்னொரு கழிமுகத்துக்குச் சிப்பிக் குஞ்சு போகுமானால், போவதற்கு முன் 150 சிப்பியாவது பார்க்கப்பட வேண்டும். ஒரே சூட்டில் வேலை செய்யும் லாம்ப் என்ற முறை பெர்கின்சஸுக்கும் வந்துவிட்டதால், முதல் வடிகட்டலைப் பெரிய ஆய்வகத்துக்கு வெளியேகூடச் செய்ய வழி இருக்கிறது. வளர்ப்பாளர் கைக்கு வரும் அறிக்கையில் ‘இருக்கிறது / இல்லை’ என்ற ஒற்றைச் சொல் போதாது. எத்தனை சிப்பி, எந்த மாதம், உடலின் எந்தப் பகுதி, எந்த ப்ரைமர், எத்தனையாவது சுற்று, சிப்பியின் சொந்த மரபணு பெருகியதா, சீவலில் என்ன தெரிந்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘இருக்கிறது’ என்று வந்து சீவலில் ஒன்றும் தெரியாவிட்டால், குஞ்சை நிறுத்திவைத்து, வெப்பம் உச்சத்தைத் தொட்டு ஒட்டுண்ணி பெருகும் கோடைக் கடைசியில் அதே படுகையிலிருந்து மறுபடி மாதிரி எடுக்க வேண்டும். அந்த இரண்டாவது மாதிரிக்கான செலவை வளர்ப்பாளர் தலையில் கட்டாமல் அரசே ஏற்க வேண்டும்.